ஏழாவது கிளிப்

அந்தத் தெருவில் அவளை முதலில் மெக்கானிக் வீட்டம்மா என்றுதான் சொல்வார்கள். பிறகு வீடியோக்காரம்மா ஆனாள். மிக்ஸி விளம்பரம் வந்த பிறகு, மெக்கானிக்கையே வீடியோக்காரம்மா புருஷன் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மூன்று வருஷத்துக்குள் பெயர் இப்படித் தலைகீழாகப் புரண்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை மறைத்துவிட்டுச் சொன்னால் மீதிக் கதை விளங்காது.

அவள் செய்த வேலை இதுதான். கம்பெனிக்காரர்கள் ஒரு பொருளை வீட்டுக்கு அனுப்புவார்கள். பாத்திரம் கழுவும் திரவம், தண்ணீர் பாட்டில், கதவிடுக்கில் ஒட்டும் ரப்பர், எதுவாகவும் இருக்கும். அதைத் தன் காசில் வாங்கி, ஒரு மாதம் புழங்கி, மனசு நிறைந்து அடுத்த வீட்டுக்காரியிடம் சொல்வதுபோல அவள் ஒரு நிமிஷ வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். கம்பெனி அதைத் தன் விளம்பரமாகப் போட்டுக்கொள்ளும். அவளுக்கென்று ரசிகர் கூட்டம் எதுவும் தேவையில்லை. பார்க்கிறவர்கள், இவள் நம்மைப்போல ஒருத்தி என்று நம்பினால் போதும்.

அதற்கு அவள் முகம் தோதாக இருந்தது. எங்கேயோ பார்த்த முகம் என்று நினைக்க வைக்கிற முகம். சமையலறையும் தோதுதான். ஜன்னல் வழியாகப் பதினொரு மணி வரை நல்ல வெளிச்சம் வரும். கேமராவில் விழுகிற பாதிச் சுவருக்கு மட்டும் வெள்ளையடித்து வைத்திருந்தாள். மீதிப் பாதியில் எண்ணெய்ப் பிசுக்கும் புகைக் கறையும் அப்படியே இருந்தன. இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்த நாத்தனார் வரும்போதெல்லாம் அந்த இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் நின்றால் தம்பி வீடு, அந்தப் பக்கம் நின்றால் யாரோ பணக்காரர் வீடு என்று கேலி செய்வாள்.

முதல் வருஷம் ஒரு வீடியோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டிருந்தாள். வாரம் இரண்டு நாள் இந்தத் தொழிலைச் சொல்லித்தருகிற சாயங்கால வகுப்புக்குப் போனபோதுதான், வீடியோவை மட்டும் விற்கிறவர்கள் ஏமாளிகள் என்று தெரிந்தது. பார்க்கிறவரைப் பிடித்து நிறுத்துகிற முதல் மூன்று வினாடியை நாலு விதமாக எடுத்துத் தனித்தனியாக விற்கலாம். எத்தனை மாதம் விளம்பரமாக ஓட்டுவார்கள் என்று கேட்டு அதற்கு வேறு வாங்கலாம். எல்லாவற்றையும்விட, வெட்டி ஒட்டுவதற்கு முன்னால் எடுத்த கிளிப்புகளை அப்படியே கொடுத்தால், கம்பெனி தன் இஷ்டப்படி புது விளம்பரம் செய்துகொள்ளும். அதற்குத் தனி விலை. வகுப்பு எடுத்த அம்மா சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதி, முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் கோடு போட்டாள். விலை கேட்டு எழுதுகிற முதல் மடலை நாலு தடவை அடித்து அடித்து எழுதினாள். அனுப்பிய இரண்டாவது நிமிஷம் சரி என்று பதில் வந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருக்கலாமோ என்று அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

புருஷனுக்குத் தெருமுனையில் தகரக் கொட்டகை. இரண்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தினால் மூன்றாவதற்கு இடமில்லை. ஆனால் ஊரில் நாலு பெரிய ஒர்க்‌ஷாப் இருந்தும் அவரைத் தேடி ஆட்கள் வந்தார்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொல்லுவார். யாரையும் பேசவிட மாட்டார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதோரம் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடுவார். பிறகு, இன்ன இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று சொல்லுவார். பிரித்துப் பார்த்தால் அதுதான் தேய்ந்திருக்கும். மற்றவர்கள் பிரித்துவிட்டுத் தேடுவார்கள், இவர் தேடிவிட்டுப் பிரிப்பார் என்று பேசிக்கொள்வார்கள்.

மிக்ஸி வந்தது அப்போதுதான். சத்தமே இல்லாத மிக்ஸி. கம்பெனி எழுதி அனுப்பிய காட்சி சின்னது. மிக்ஸி ஓடிக்கொண்டிருக்கும். புருஷன் மனைவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மனைவி குரலை உயர்த்தாமல், இன்னொரு டம்ளர் ஜூஸ் வேண்டுமா என்று கேட்பாள். அவர் திரும்பாமலே, அரை டம்ளர் போதும் என்பார். நடுவில் வெட்டக் கூடாது.

கடை விடுமுறை நாளில் அவருக்கு நீலச் சட்டையைப் போட்டுவிட்டு, காலருக்கு உள்ளே மைக்கைக் குத்தி உட்கார வைத்தாள். முதல் தடவை அவர் பதிலே சொல்லவில்லை. பேப்பரில் மூழ்கிவிட்டார் என்று நினைத்தாள். இரண்டாவது தடவையும் அப்படியே. மூன்றாவதில், அவள் கேட்பதற்கு முன்னாலேயே அரை டம்ளர் போதும் என்று சொல்லிவிட்டார். நாலாவதில் ஜூஸ் நுரைத்துப் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. மூன்று வார்த்தை சொல்ல இத்தனை பாடா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. அவரோ சிரித்துக்கொண்டே, நடிக்கிறவர்களுக்கு ஏன் அவ்வளவு சம்பளம் என்று இப்போதுதான் புரிகிறது என்றார்.

ஏழாவது தடவை அவள் கேமராவை ஓடவிட்டபடியே மிக்ஸியை மட்டும் நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால், இடது பக்கம், ஒரு முழ தூரத்தில் போய் நின்றாள்.

"ஏங்க."

அவர் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவள் தோளைத் தொட்டாள். தூக்கிவாரிப் போட்டதுபோல் திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விளங்கிவிட்டது. பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு இந்தக் காது கேக்கல" என்றார். "யார்கிட்டயும் சொல்லிடாத."

ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்றார். வலது காதும் முன்னைப்போல இல்லை. ஸ்குரூடிரைவரை எலும்பில் அழுத்தி வைத்தால் அதிர்வு தெரிகிறது, அதை வைத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்றார். டாக்டரிடம் போயிருக்கலாமே என்று அவள் ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார். "காதால பாக்கற மெக்கானிக்னுதான் வர்றாங்க. காது இல்லன்னு தெரிஞ்சா நான் வெறும் ஸ்பேனர் புடிக்கிற ஆளு."

 பிறகு அவர்தான், வெளிச்சம் போய்விடப் போகிறது, உன் வேலையைப் பார் என்றார். எட்டாவது தடவை, கேட்டு முடித்ததும் அவள் நாற்காலிக் காலைத் தன் காலால் லேசாகத் தட்டினாள். அவர், "அரை டம்ளர் போதும்" என்றார். ரொம்ப இயல்பாக இருக்கிறது என்று கம்பெனியில் பாராட்டினார்கள்.

அடுத்த நாள், எடுத்த கிளிப்புகள் மொத்தமும் வேண்டும், முடிவில்லாத காலத்துக்கு உரிமையும் வேண்டும் என்று கேட்டு எழுதினார்கள். வீடியோவுக்குக் கொடுத்ததைவிட அதற்கு அதிகம் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஒரே நிபந்தனை, இருபது கிளிப்புக்குக் குறையக் கூடாது.

மிக்ஸியை மட்டும் தனியாக எடுத்தவற்றையும் சேர்த்து அவளிடம் சரியாக இருபது இருந்தன.

இந்த இடத்தை அவள் பிற்பாடு மனசுக்குள் எத்தனையோ தடவை திருப்பிப் பார்த்திருக்கிறாள். ஏழாவதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்துவிட்டால் பத்தொன்பது. இன்னொன்று எடுக்கப் பத்து நிமிஷம் போதும். ஆனால் அவர் கடைக்குப் போயிருந்தார். நீலச் சட்டை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது. ஜன்னலில் மேகம் மூடியிருந்தது. மாலைக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அரை மணி நேரக் குப்பையில் இதை யார் உட்கார்ந்து கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். இந்தப் பணத்தில் அவரைக் காது டாக்டரிடம் அழைத்துப் போகலாம் என்றும் நினைத்தாள். அப்படி நினைத்ததும் விரல் தானாக அழுத்திவிட்டது.

பணம் வந்ததும் முதலில் ஒரு லைட் வாங்கினாள். மேகமூட்டத்திலும் எடுக்கலாம், வேலை கூடும், பிறகு டாக்டர் என்று கணக்குப் போட்டாள்.

ஒரு மாதம் கழித்துப் புது விளம்பரம் வந்தது. பதில் சொல்லாமல் அவர் உட்கார்ந்திருந்த கிளிப்புகளை வரிசையாக வைத்து, மேலே பழைய மிக்ஸியின் இரைச்சலை ஏற்றியிருந்தார்கள். அவள் கூப்பிடுவதும் அவர் அசையாமல் இருப்பதும் மாறி மாறி வந்தன. திடீரென்று இரைச்சல் நின்றது. அவர் பேப்பரை மடித்துவிட்டு, எனக்கு இந்தக் காது கேக்கல, யார்கிட்டயும் சொல்லிடாத என்றார். பின்னால் ஒரு கூட்டமே சிரித்தது. குற்றம் உங்கள் காதில் இல்லை, மிக்ஸியில் என்று எழுத்து வந்தது.

அவர் சொன்னபோது இருந்த முகம் அப்படியே இருந்தது. ஒரு சொல்கூட மாற்றவில்லை. அதனால்தான் ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்தது போலிருக்கிறது. நாலே நாளில் ஊரெல்லாம் அந்தப் பேச்சுதான். கடன் கேட்டால், யார்கிட்டயும் சொல்லிடாத. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால், எனக்கு இந்தக் காது கேக்கல. நாத்தனார் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

"என் தம்பிக்கா இவ்ளோ நடிப்பு? பள்ளிக்கூட நாடகத்துல அவன மரமா நிக்க வெச்சாங்க. அதுலயே அசைஞ்சு அடி வாங்கினவன் அவன்."

அவள் சிரித்தாள். சிரிக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்களே.

கடையில் கூட்டம் கூடியது. வருகிறவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, காது கேக்குதாண்ணே என்பார்கள். அவர் திரும்ப மாட்டார். பாரு, இன்னும் நடிப்பை விடல என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார்கள். மத்தியானம் சாப்பாடு கொண்டுபோன அவள் இதைக் கண்ணால் பார்த்தாள். அவர் அவர்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், எல்லோரும் சிரிப்பதால் சிரிக்கிற சிரிப்பு. தூக்குவாளியைப் பெஞ்சில் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி வீட்டுக்கு வந்துவிட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அந்த வாரம் அவர் தானாகவே பேச்சை எடுத்தார். அவள் போனை வாங்கி வலது காதில் வைத்து விளம்பரத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"தெரியாம போயிருக்கும். அவ்ளோ கிளிப்புல நீ எதத்தான் பாப்ப? விடு."

"ம்" என்றாள்.

அந்த ஒரு எழுத்துதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. திட்டியிருந்தால் திட்டுக்குப் பதிலாவது சொல்லியிருக்கலாம். செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டார். செய்த தப்பு கேட்பாரில்லாமல் அவளிடமே கிடந்தது. அரிசி களையும்போதும் லைட்டைத் துடைக்கும்போதும், சொல்லிவிட வேண்டும் என்று வாய்க்குள் ஒத்திகை பார்ப்பாள். கேமரா முன்னால் ஒரே மூச்சில் எதையும் சொல்லத் தெரிந்தவளுக்கு இந்த நாலு வார்த்தை வரவில்லை.

இதற்கிடையில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் பேசினாள். ஆறு விளம்பரம் தொடர்ச்சியாக வேண்டும். பழைய விலையைப்போல மூன்று மடங்கு. ஆனால் அதே கணவர்தான் வர வேண்டும்.

"காது கேக்காத புருஷன்னு ஒரு கேரக்டரே பண்ணிடலாம் மேடம். அவர் முகத்துல அந்த அவமானம் வருதே, அதத்தான் ஜனங்க ரசிக்கிறாங்க. அத மட்டும் விட்டுடாதீங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அன்றைக்கு அவரிடம் அதை ஒப்பித்தாள். வேண்டாம் என்பார், அதைச் சாக்காக வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தாள். அவர் சட்டைக் கையால் கிரீஸைத் துடைத்துக்கொண்டே யோசித்தார்.

"செய்யலாமே. நடிப்புன்னு எல்லாரும் நெனச்சிட்டே இருப்பாங்க. எனக்கும் அது நல்லதுதான்." பிறகு சுவரைப் பார்த்துவிட்டு, "மீதிப் பாதிக்கும் வெள்ளையடிச்சுக்கலாம். அக்கா வாய அடைக்கலாம்" என்றார்.

அவள் கழுவின தட்டையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் பதினொரு மணிக்கு, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே, ஒன்றையும் எடுக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். அவர் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்து ஒரு வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. தகரம் வெயிலில் காய்ந்து உள்ளே அனலாக இருந்தது. பெட்ரோலும் பழைய ஆயிலும் கலந்த வாசனை. அவள் அவருக்கு இடது பக்கம் போய் நின்றாள். ஏன் அந்தப் பக்கம் போனாள் என்று கேட்டால், வாசலுக்கு அதுதான் கிட்டே இருந்தது என்று அவள் சொல்லலாம்.

"அந்தக் கிளிப்பு அதுல இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "தெரிஞ்சுதான் அனுப்பினேன்."

அவர் போல்ட்டைச் சுழற்றிக் கழற்றி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட்டார்.

சொல்லியாகிவிட்டது. அவளுக்கு உடம்பெல்லாம் லேசானதுபோல் இருந்தது. வாய்விட்டுச் சொன்னேன், கேட்காதது என் தப்பா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. உடனே இத்தனை நாளில் செய்ததையெல்லாம்விட இதுதான் கேவலம் என்று பட்டது. சுற்றிக்கொண்டு வலது பக்கம் போனாள். அவருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். புடவை ஓரம் ஆயிலில் பட்டது.

"தெரிஞ்சுதாங்க அனுப்பினேன். இருபதுக்கு ஒண்ணு கொறஞ்சுது. அதுக்காக."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அந்தப் பக்கம் நின்னு சொன்னதும் இதானா?"

 அவர் எதிரே நின்ற வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடியைக் காட்டினார். அதில் வாசல் முழுக்கத் தெரிந்தது.

"வாய் அசையறது தெரிஞ்சுது. என்னன்னு தெரியல. சொல்லிட்டுப் போயிடுவியோன்னு பாத்துட்டே இருந்தேன்."

அவள் அழவில்லை. அழுதால் அவர் சமாதானம் சொல்ல வேண்டி வரும், அதையும் அவரிடம் பிடுங்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.  அவர் கிண்ணத்துக்குள் விரலை விட்டு போல்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் துடைத்து வரிசையாக வைத்தார். எப்போதும் மொத்தமாகக் கொட்டித் துடைக்கிறவர்.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கைக்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். பால் வண்டிக்காரர், ஏழெட்டு வருஷப் பழக்கம். வாசலில் நிறுத்திவிட்டு, அவர் முதுகைப் பார்த்து இழுத்து இழுத்துச் சொன்னார்.

"அண்ணே, காது கேக்குதா? யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் அவரைப் பார்க்காமல் புருஷனைப் பார்த்தாள். போல்ட்டுகளைவிட்டு நிமிர்ந்தவர், அவள் முகம் போன போக்கிலிருந்து பின்னால் யாரோ வந்திருக்கிறார்கள் என்று தெரிந்து எழுந்து திரும்பினார். என்ன கேட்டிருப்பார் என்பது காதில் விழாமலே தெரியும்.

"நடிப்பு இல்லப்பா" என்றார். "நெசமாவே இந்தக் காது கேக்காது. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

பால்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். விளம்பரத்தில் சொன்னதைவிட இது பிரமாதம் என்றார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்களாவது சொல்லுங்கக்கா, அடுத்த வீடியோவா இது?" என்றார்.

"இல்லீங்க" என்றாள். "அவர் சொல்றது நெசம். அன்னிக்கு வீடியோல சொன்னதும் நெசம். நாந்தான் வித்துட்டேன்."

ஆயிரம் பேர் நம்பும்படி பாத்திரத் திரவத்தைப் பற்றிப் பேசியவள். இப்போது குரல் கம்மிப்போய், வாக்கியம் பாதியில் தட்டுத் தடுமாறியது. பால்காரர் இன்னும் கொஞ்சம் சிரித்தார். ஒருத்தரும் கூடச் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு மெல்ல மெல்ல வடிந்தது. பிறகு வண்டியை உருட்டிக்கொண்டு வலது பக்கம் வந்து, கைகளை வாயருகே குவித்து, எட்டுத் தெருவுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"முன்னாடி டக்டக்னு சத்தம் வருது! டக்டக்!"

"கத்த வேணாம். ஸ்டார்ட் பண்ணு."

அவர் ஸ்குரூடிரைவரை இன்ஜினில் வைத்தார். கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினார். வழக்கமாக இந்த நேரத்தில் மூச்சு விடாமல் நிற்கிற பால்காரர், இன்று ஒரு கால் மாற்றி ஒரு கால் நின்றார். செயின் தளர்ந்திருக்கிறது, உள்ளே இருக்கிற செயின், மாற்ற வேண்டும் என்று அவர் சொன்னார். பால்காரர் தலையாட்டிவிட்டு அவள் பக்கம் குனிந்தார். தாழ்ந்த குரலில், "சரியா இருக்குமாக்கா? பெரிய கடைல ஒரு தடவ காட்டிட்டு வந்துடட்டுமா?" என்றார்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். அதற்குள் அவர் பால்காரரின் உதட்டைப் பார்த்துவிட்டிருந்தார்.

"காட்டிட்டு வாப்பா" என்றார். "தப்பில்ல."

பால்காரர் தலையைச் சொறிந்தார். சாயங்காலம் வருவதாகச் சொன்னார். இன்ஜினை அணைத்துவிட்டு, வண்டியை முனை திரும்பும் வரை தள்ளிக்கொண்டே போனார். டக்டக் சத்தம் கடைக்குக் கேட்டுவிடக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

அவளுடைய போன் அடித்தது. கம்பெனிப் பெண். எடுத்து, முடியாது என்று மட்டும் சொன்னாள். என்ன விலை எதிர்பார்க்கிறீர்கள் மேடம் என்று அந்தப் பெண் கேட்டாள். விலை இல்லை என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதைச் சொன்னதற்காக அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரும் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்ததும் அவளுக்குத் தெரிந்தது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

அவர் மறுபடியும் சாக்கில் உட்கார்ந்து சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டார். தெருவில் யாரோ ஹாரன் அடித்தார்கள். அவர் நிமிரவில்லை. சாயங்காலம் பால்காரர் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். நாளைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

"வீட்டுக்குப் போறியா?" என்று கேட்டார்.

"இல்ல."

அவர் வலது பக்கம் கிடந்த டயரைக் காலால் நகர்த்தினார்.

"அப்ப இங்க உக்காரு. யாராவது வந்தா சொல்லு."

அவள் உட்கார்ந்தாள்.